உறவு என்ற கட்டம்

ஞாயிறு பத்து மணிக்கு,
கப்பலூர் டோல்கேட்டுக்கு இந்தப் பக்கம்,
ஷட்டரை முக்கால்வாசி தூக்கும்போதே
ஆறேழு ஜோடிச் செருப்பு வாசலில் கிடக்கும்.
கழற்றாதீங்கடி, இது கோயில் இல்லை என்று
இரண்டு வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

பணம் அனுப்ப வருகிறவர்கள்.
நூல்மில் விடுதியில் நாற்பது பேர்.
கும்லா, சிம்டேகா, மயூர்பஞ்ச் என்று
நான் ரயிலில்கூடத் தாண்டாத ஊர்கள்
என் கம்ப்யூட்டருக்கு மனப்பாடம்.
எந்த பேங்க் எந்த ஆற்றுக்கு அக்கரையில் என்று
ஃபுல்மணி கையால் வரைந்து காட்டுவாள்.
எங்கே பார்ப்பது, பின்னால்
ரீசார்ஜுக்கு ஆள் நிற்கிறது.

முதலில் ரேகை.
கட்டைவிரலை வைத்தால் சிவப்பு.
ஆள்காட்டி விரல், அதுவும் சிவப்பு.
அறுந்த நூலை முடிந்து முடிந்து
விரலில் இருந்த கோடெல்லாம்
கோனில் சுற்றிக்கொண்டு போய்விட்டது.
தலையில் தேய்த்துவிட்டு வை, எண்ணெய்ப் பசை வரட்டும் என்பேன்.
தேய்த்தால் பஞ்சுதான் ஒட்டி வரும்.
ஒருநாள் சுண்டுவிரலுக்குப் பச்சை எரிந்தது.
கடையே கை தட்டியது,
ஜெராக்ஸ் எடுக்க வந்த தலையாரி உட்பட.

அம்மாவுக்கு மூவாயிரம்.
தம்பியின் ஐடிஐக்கு ஆயிரத்து ஐந்நூறு.
புதனி மட்டும் மாதம் இருநூறைத் தனியாக
அவள் பெயருக்கே அனுப்பச் சொல்வாள்.
உன்னிடமிருந்து உனக்கேவா என்றேன்.
"அங்க இருக்குற எனக்கு" என்றாள்
எட்டு மாதத் தமிழில்.

பணம் போனதும் முகம் கழுவி, பொட்டு மாற்றி,
ஒரே லிப்ஸ்டிக்கை ஐந்து பேர் பூசிக்கொண்டு
வீடியோ காலுக்கு நிற்பார்கள்,
என் ஃபிரிட்ஜுக்கு முன்னால்.
வரிசையாக. ஒவ்வொருத்தியும் ஒருமுறை
கதவைத் திறந்து மூடிக் காட்டுவாள்.
ஒரே ஃபிரிட்ஜ் நாற்பது வீட்டில் பிரசித்தம்.
பிறகு திருமங்கலம் பஸ்; நெத்திலி, கடுகெண்ணெய்,
கண்ணாடி வளையல், ஆளுக்கொரு பரோட்டா.
எட்டு மணிக்கு கேட் சாத்திவிடுவார்கள்.

சீட்டும் உண்டு.
மாதம் ஐந்நூறு, பன்னிரண்டு பேர்,
குலுக்குவது என் ஹார்லிக்ஸ் பாட்டிலில்.
பன்னிரண்டாவது ஆள் சுசாந்தி
உசிலம்பட்டி லாரி கிளீனரோடு போனபின்
அந்த இடத்தில் நான்.
சுசாந்தி இப்போதும் வருகிறாள், மஞ்சள் கயிறோடு.
"என்னக்கா, யாவாரம் எப்பிடி?"
பழைய தோழிகள் பக்கத்தில் நிற்க
என்னிடம் மட்டும் பேசுவாள்.
அவர்கள் வளையலை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

பங்குனியில் சீட்டு புதனிக்கு விழுந்தது.
அவள் அன்று ஓவர்டைமில் இருந்தாள்.
அதே வாரம் மில்லில் புதுச் சட்டம்:
இனி மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வெளியே.
யாரோ யாரையோ பார்த்ததாக வார்டன் சொன்னாளாம்.
அடுத்த ஞாயிறு
என் வாசலில் ஒரு செருப்பு இல்லை.
ஃபிரிட்ஜ் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

ஆறாயிரத்தை மஞ்சப்பையில் சுற்றிக்கொண்டு
மூன்று மணி வெயிலில் மில் கேட்டுக்குப் போனேன்.
பதினெட்டு வருஷமாக இந்த ரோட்டில் இருக்கிறேன்,
அந்த கேட்டுக்கு முன்னால் நின்றதில்லை.
வாட்ச்மேன் நோட்டை நீட்டினார்.
பெயர். ஊர். யாரைப் பார்க்க.
உறவு.
அக்கா என்று எழுதலாம். பொய்யில்லை,
அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்,
ஆனால் கடைக்கு வருகிற எல்லோருமே
அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.
சீட்டு என்று எழுதினேன்.
அவர் படித்துப் பார்க்கவில்லை.

புதனி வந்தாள், புருவமெல்லாம் பஞ்சு.
கம்பிக்கு அந்தப் பக்கம் இரண்டு முறை எண்ணினாள்.
இருநூறை உருவி என் கையில் திணித்தாள்.
எதற்கென்று நானும் கேட்கவில்லை.
ரேகை வேண்டுமே, அது ஞாபகம் வந்தது,
சொல்லாமல் வாங்கிக்கொண்டேன்.

"ஃபிரிட்ஜுல இப்ப என்ன இருக்கு?"
தயிர், என்றேன். ரெண்டு எலுமிச்சம்பழம்.
சிரித்துவிட்டு ஓடினாள்,
ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது.